அத்தை உட்கார்ந்தால் எரியும் விளக்கு

அத்தை குட்டி விமானத்தின் வலது சீட்டில் உட்கார்ந்து, கைப்பையை இடுப்போரம் சொருகிக்கொண்டு, கண்ணாடி மூடியை இழுத்துச் சாத்தினார். சாத்தியதுமே பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பல் டாக்டர் விளக்கைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மறுபடி விளக்கைப் பார்த்தார்.

“என்ன மாப்பிள்ளை, சிவப்பா எரியுது?”

“அது ஒண்ணும் இல்லைங்க அத்தை.”

“ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு விளக்கு?”

நியாயமான கேள்விதான். அந்தப் பலகையில் இருந்த ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கவலை உண்டு. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் ஒன்று எரியும், பேட்டரி இறங்கினால் ஒன்று, பெட்ரோல் தீர்ந்தால் ஒன்று. இப்போது எரிந்தது மூடி விளக்கு. தலைக்கு மேலே கவிழும் கண்ணாடி மூடிக்கு இரண்டு பக்கமும் கொக்கி. மூடியைச் சாத்திய பிறகு இரண்டில் எது சரியாக மாட்டாவிட்டாலும் அந்த விளக்கு எரியும். அது எரியும்போது விமானத்தைக் கிளப்புகிறவன், கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போகிறவனைவிட மோசம். வீட்டில் திருட்டுத்தான் போகும், இங்கே ஆளே போய்விடலாம்.

பல் டாக்டர் மூடியைத் திறந்து, கொக்கிகளைத் துடைத்து, மறுபடி மாட்டினார். விளக்கு அணைந்தது. அவர் குனிந்து நிமிர்வதற்குள் எரிந்தது. அத்தையை இறங்கச் சொன்னார், அணைந்தது. தானே அந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தார், சமர்த்தாக இருந்தது. அத்தை மறுபடி ஏறினார். எரிந்தது.

அத்தைக்குக் கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. ‘கொஞ்சம்’ என்பது மருமகன் என்ற முறையில் அவர் வைத்துக்கொண்டிருந்த அளவு. அந்த உடம்பு உட்காரும்போது சீட்டு அமுங்கி, பக்கத்துத் தகடு ஒரு நூல் வளைந்து, கொக்கி நழுவுகிறது. காரணம் புரிந்துவிட்டது. அதை எந்த வாயால் சொல்வது என்பதுதான் புரியவில்லை.

“மாப்பிள்ளை, கேட்டேனே.”

“அது வரவேற்பு விளக்குங்க அத்தை. பெரியவங்க உக்காந்தா எரியற மாதிரி வச்சிருக்கேன்.”

சொல்லி முடித்த அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். அத்தை விளக்கை ஒரு பார்வை பார்த்தார். “அப்படியா,” என்றார்.

விமானம் அத்தை வீட்டு ஷெட்டில் இருந்தது. பல் டாக்டர் வீட்டோடு மாப்பிள்ளை இல்லை. மனைவியோடு இரண்டு தெரு தள்ளித் தனியாகத்தான் இருந்தார். அவருடைய விமானம்தான் மாமியார் வீட்டோடு இருந்தது. கார் நிற்க வேண்டிய இடத்தில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, வருஷக்கணக்காக ஆணி ஆணியாக வளர்ந்து, ஒருநாள் இறக்கை முளைத்தது. இறக்கையை மடக்கி வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே இருக்கிற ஓடுதளத்துக்குக் கொண்டு போய், பறந்துவிட்டு, மறுபடி ஷெட்டுக்கே கொண்டு வந்துவிடுவார். விதிப்படி தனியாகப் பறக்க வேண்டிய மணி நேரம் எல்லாம் பறந்தாயிற்று. இனி ஒரு பரிசோதகர் வந்து பார்த்து, சரி என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் ஆளை ஏற்றலாம்.

அந்த ஒரு ‘சரி’க்காகத்தான் அவர் உயிரை வைத்துக்கொண்டிருந்தார். ஒற்றை சீட்டு விமானமாகக் கட்டியிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். இரண்டாவது சீட்டு மனைவிக்காக. முதல் ஆணி அடிக்கும்போதே அது தீர்மானமாகிவிட்டது. அவளுக்குப் பிடித்த நீலத்தில் சீட்டுத் துணி, அவள் உயரத்துக்குத் தலையணை, வெயில் படாமல் இருக்க அவள் பக்கம் ஒரு திரை. மேகத்துக்கு மேலே போய் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதைச் சொல்லவும் அவர் வெட்கப்படவில்லை. கிளினிக்கில் வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் படுத்திருந்த அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறார்.

ஆனால் தனிப் பறப்பு முடிந்த அன்று, “அடுத்தது நீதான்,” என்று மனைவியிடம் சொன்னபோது, உள்ளேயிருந்து அத்தை வந்துவிட்டார்.

“ஷெட்டு யாரோடது மாப்பிள்ளை?”

“உங்களுதுதாங்க அத்தை.”

“அப்ப முதல் சீட்டு எனக்கு. நான் போய்ட்டு வந்தப்புறம்தான் மத்தவங்க.”

மனைவி ஒரு முகச்சுளிப்புக்கூட இல்லாமல், “அம்மா ஆசைப்படறாங்க. முதல்ல அவங்க போகட்டுங்க,” என்று சொல்லிவிட்டாள். இத்தனை பெருந்தன்மை யாருக்கு வரும் என்று பல் டாக்டருக்கு அன்று கண் கலங்கியது. அத்தை மறுநாளே தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். ஆக, அத்தை பறக்காமல் மனைவி பறக்க முடியாது. விளக்கு அணையாமல் அத்தை பறக்க முடியாது. பரிசோதகர் வர ஒரு வாரம்தான் இருந்தது.

மறுநாள் கிளினிக்கில் நர்ஸம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். நர்ஸம்மா ரொம்ப வருஷமாக அவரோடு இருப்பவர். டாக்டர் பறப்பதையும் பல் பிடுங்குவதையும் ஒரே முகத்தோடு பார்ப்பார்.

“வெயிட்டுதான் காரணமான்னு எப்படித் தெரியும் டாக்டர்?”

“வேற என்ன இருக்க முடியும்?”

“அவங்க வெயிட்டுக்கு எதையாவது தூக்கி வச்சுப் பாருங்க. எரிஞ்சா வெயிட்டு. எரியலைன்னா வேற.”

இது நல்ல யோசனை. ஆனால் அத்தையின் எடை யாருக்குத் தெரியும்? மனைவியிடம் கேட்டார்.

“எதுக்குங்க?”

“ஒரு கணக்குக்கு.”

“அம்மா எடைய அப்பாகிட்டயே சொன்னதில்லை. என்கிட்ட கேட்டா?”

சரி, கூடுதலாகவே இருக்கட்டும் என்று, தெருமுனையில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து மணல் மூட்டைகள் வாங்கி வந்து, மூச்சு வாங்க வாங்க வலது சீட்டில் அடுக்கினார். இரண்டு அத்தைகள் உட்கார்ந்த கனம். மூடியைச் சாத்தினார். விளக்கு எரியவில்லை. இன்னொரு மூட்டையைத் தூக்கி மேலே வைத்தார். விளக்கு எரியவில்லை, மூட்டை கிழிந்தது.

விமானத்துக்குள் மணல் கொட்டினால் என்ன ஆகும் என்பதை அதுவரை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சீட்டுக்குக் கீழே போயிற்று, மிதிகளுக்குள் போயிற்று, சுவிட்சுகளின் கழுத்துக்குள் போயிற்று. பேட்டரி விளக்கு எரிய ஆரம்பித்தது. எண்ணெய் விளக்கு விட்டு விட்டுக் கண்ணடித்தது. நேற்றுவரை ஒரே ஒரு விளக்குதான் பிரச்சினையாக இருந்தது.

கிளினிக்கிலிருந்து எச்சில் உறிஞ்சுகிற மெஷினைக் கொண்டு வந்தார். அங்கே நோயாளி ஒருவர் மரத்துப் போன வாயோடு நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார். “இதோ வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டு வந்தது அவருக்கு ஷெட்டில் பாதி மணலை எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைச் சீட்டுக்கு அடியில் நீட்டி, கம்பிக் கொத்தின் இடுக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். மணல் எல்லாம் வந்தது. மணலோடு ஒரு ஃபியூஸும் வந்தது. ஃபியூஸ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மெஷின் வயிற்றைப் பிரித்துத் தேட வேண்டியதாயிற்று. அதை எடுத்து மாட்டிய பிறகுதான் மற்ற இரண்டு விளக்கும் அடங்கின.

நர்ஸம்மா போன் பண்ணினார். “டாக்டர், இவருக்கு மரத்தது தெளிஞ்சுடுச்சு. மறுபடி ஊசி போடணும்ங்கறேன், மனுஷன் செருப்பைத் தேடறார்.”

“இருக்கச் சொல்லுங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சொல்லுங்க.”

“அதைச் சொன்னதும்தான் தேட ஆரம்பிச்சார்.”

அன்று மாலை அத்தை ஷெட்டுக்கு வந்து, கூப்பிடாமலே ஏறி உட்கார்ந்தார். மூடியைச் சாத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. “வரவேற்பு நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எடை இல்லை என்றால் என்ன? பல் டாக்டர் ராத்திரி சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே யோசித்தார். மூட்டையிடம் இல்லாதது அத்தையிடம் என்ன இருக்கிறது? பேச்சு இருக்கிறது, அது கம்பியைப் பாதிக்காது. நகை இருக்கிறது. அத்தை கையில் வளையல், கழுத்தில் சங்கிலி, எல்லாம் உலோகம். வளையல் எங்கேயாவது உரசி மின்சாரத்துக்குக் குறுக்கு வழி காட்டுகிறதோ என்னவோ. இது தோன்றியதும் அவருக்கு அத்தனை நிம்மதி. உடம்பைப் பற்றிப் பேசத் தேவையில்லை, நகையைப் பற்றிப் பேசினால் போதும்.

காலையில் போய் நேரடியாகவே கேட்டார். “அத்தை, ஒரு உதவி. உங்க நகையெல்லாம் கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா?”

அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எல்லாத்தையுமா மாப்பிள்ளை?”

“எல்லாத்தையும். விமானத்துக்காகத்தான்.”

பல் டாக்டர் கிளினிக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் மனைவியிடமிருந்து போன் வந்துவிட்டது. “என்னங்க, அம்மாகிட்ட நகை கேட்டீங்களாமே?”

“ஆமா, அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? சித்தி போன் பண்ணிட்டாங்க, மாமா போன் பண்ணிட்டார். நம்ம கிளினிக் சரியா ஓடலையான்னு கேக்கறாங்க. எதிர்வீட்டு அக்கா, கவலைப்படாதேம்மா எல்லாம் சரியாயிடும்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுறாங்க.”

அவர் விளக்கிச் சொன்னார். விளக்கத்தைக் கேட்டு முடித்ததும் மனைவி, “இன்னும் அணையலையா?” என்று மட்டும் கேட்டாள். பாவம், எத்தனை ஏக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

“கவலைப்படாதே. எப்படியும் அணைச்சுடுவேன். அம்மா இறங்கின அடுத்த நிமிஷம் நீ ஏறறே.”

“மெதுவாவே பண்ணுங்க. ஒண்ணும் அவசரமில்லை.”

அத்தை பெரிய மனசு பண்ணி நகையைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். சாவியை மருமகனிடம் தராமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். கைக்கடிகாரம், கொண்டை ஊசி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு, கைப்பையோடு ஏறி உட்கார்ந்தார். விளக்கு ஜெகஜோதியாக எரிந்தது.

இனிக் கம்பியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. வலது சீட்டுக்கு அடியில் போன கம்பிக் கொத்தை அப்படியே உருவி, நடுவில் கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மறுபடி இணைத்தார். கண் எரிய எரியச் செய்த வேலை. ஒரே ஒரு கம்பியைத்தான் தப்பாக இணைத்தார். அது ஊதியின் கம்பி. வேகம் குறைந்து விமானம் விழப்போகிறது என்றால் விமானியின் காதில் அலறுவதற்காக வைத்த ஊதி. அதை மூடியின் சுவிட்சோடு இணைத்துவிட்டார்.

மறுநாள் அத்தை ஏறி மூடியைச் சாத்தினார். விளக்கும் எரிந்தது, ஊதியும் அலறியது. அந்த அலறலுக்குத் தெருவில் ஒரு கார் நின்றது. எதிர்வீட்டு அக்கா ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம் என்று ஷெட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பல் டாக்டர் பேட்டரியைத் தேடிப் பிடுங்குவதற்குள் பாதித் தெரு உள்ளே வந்து நின்றது.

அத்தை காதிலிருந்து கையை எடுத்தார். “இதுவும் வரவேற்பா மாப்பிள்ளை?”

கூட்டத்தில் சிரிப்பு. பல் டாக்டரும் சிரித்து வைத்தார். ஆனால் அன்றைக்குத்தான் அவருக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. விமானத்தைக் கண்டு அல்ல. இந்த விளக்கு அணையாது, அந்த நீல சீட்டு காலியாகவே கிடக்கப் போகிறது, மனைவி கீழே நின்று கையாட்ட, தான் மட்டும் மேலே சுற்றிச் சுற்றி வரப்போகிறோம் என்ற பயம்.

ஊதியைச் சரி செய்துவிட்டார். பரிசோதகர் வர ஒரு நாள்தான் பாக்கி. மதியம் கிளினிக்கில் ஒரு சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த வெள்ளைப் பசையைப் பார்த்தார். அடைத்து, அதன்மேல் நீல வெளிச்சத்தைக் காட்டினால் கல்லாக இறுகிவிடும். அதற்குக் கீழே எது இருந்தாலும் வெளியே தெரியாது.

பல்லை முடித்துவிட்டு, பசையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். சிவப்பு விளக்கின் மேல் அழகாகப் பூசி, வழித்து, இறுக வைத்தார். பலகையில் ஒரு முன்பல் முளைத்த மாதிரி இருந்தது. இனி அத்தை உட்கார்ந்தாலும் எரியாது. எரியும், ஆனால் தெரியாது.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாத்திரை போட்டுப் போட்டு வலியை அமுக்கிக்கொண்டு, கடைசியில் கன்னம் வீங்கி வருகிறவர்களை அவர் தினம் திட்டுவார். ‘வலி நின்னுட்டா பல்லு சரியாயிடுச்சுன்னு அர்த்தமா?’ என்று கேட்பார். இப்போது அதே கேள்வியை யாரோ தன்னைக் கேட்ட மாதிரி இருந்தது. உட்காரப்போவது அத்தை. அத்தைக்குப் பிறகு மனைவி. விளக்கை மூடினால் கொக்கி மாட்டிக்கொள்ளுமா?

“சேச்சே,” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சிற்றுளியை எடுத்துப் பசையைப் பெயர்த்தார். பசை வந்தது. விளக்கும் நொறுங்கிக் கையோடு வந்தது.

அந்த அளவு பல்பு ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் பல் நாற்காலிக்கு மேலே தொங்குமே, வாய்க்குள் வெளிச்சம் அடிக்க, அந்த விளக்குக்கு வைத்திருந்த மாற்று பல்பு பொருந்தியது. வோல்ட்டும் ஒன்றுதான். மேலே சிவப்புக் கண்ணாடியை மாட்டி, சோதித்துப் பார்த்தார். ஷெட்டு முழுக்கச் சிவந்தது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களின் நிழல்கூடச் சிவப்பாக இருந்தது. முன்பு பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரிந்த விளக்கு, இப்போது ஊருக்கே தெரியும்.

மறுநாள் காலையில் ஓடுதளத்தில் நல்ல கூட்டம். அத்தை பறப்பதைப் பார்க்கத் தெருவே கிளம்பி வந்திருந்தது. நர்ஸம்மா கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மனைவி கூட்டத்துக்கு முன்னால், கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு எதையோ முணுமுணுத்தபடி இருந்தது. தனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறாள் என்று பல் டாக்டருக்குப் புரிந்தது. அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பரிசோதகருக்கு ‘உம் சார்’ என்று பெயர். விமானம் கட்டுகிறவர்கள் வைத்த பெயர். இறக்கையைத் தட்டிப் பார்த்து “உம்” என்பார். எஞ்சினைப் பார்த்து “உம்” என்பார். அதில் எது பாராட்டு, எது குறை என்று அடுத்த வாரம் தபாலில்தான் தெரியும். அவர் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“பயணி யாரு?”

“எங்க அத்தைங்க சார்.”

“வரச் சொல்லுங்க.”

அத்தை படி வைத்து ஏறினார். ஏறும்போது திரும்பி மகளை ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்தார், பட்டையை மாட்டினார், கைப்பையைப் பக்கத்தில் சொருகிக்கொண்டார். மூடியைச் சாத்தினார்.

கண்ணாடிக்குள் சிவப்பு வெளிச்சம் குப்பென்று நிறைந்தது. உம் சாரின் வழுக்கைகூடச் சிவந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ, “வரவேற்பு விளக்கு, வரவேற்பு விளக்கு,” என்று கை தட்டினார்கள்.

பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது.

ஒரு வாரமாக அந்த விளக்கு எரியும்போதெல்லாம் பல் டாக்டர் விளக்கைத்தான் பார்த்தார், அல்லது கம்பியைத்தான் பார்த்தார். உம் சார் விளக்கைப் பார்க்கவே இல்லை. கழுத்தை மட்டும் வலது பக்கம் திருப்பி, கைப்பைக்குப் பின்னால் பார்த்தார்.

“அம்மா,” என்றார். “கொக்கியில இருந்து கையை எடுங்க.”

அத்தை எடுத்தார். விளக்கு அணைந்தது.

“மறுபடி தொடாதீங்க.”

விளக்கு அணைந்தே இருந்தது.

உம் சார் மூடியைத் திறந்துகொண்டு இறங்கினார். பல் டாக்டரின் தோளைத் தட்டினார். “ஒரு குறையும் இல்லை. கொக்கியை ஒரு மயிரிழை நகர்த்தினாக்கூட விளக்கு கண்டுபிடிச்சுடுது. இவ்வளவு துல்லியமா வயரிங் பண்ணி நான் பார்த்ததில்லை. ஆளை ஏத்தலாம்.” அவர் வாழ்நாளில் பேசியதில் அதுதான் நீளமான பேச்சாக இருக்கும்.

பல் டாக்டருக்கு ஒரு நிமிஷம் கால் தரையில் இல்லை. பிறகுதான் அத்தை ஞாபகம் வந்தது. அத்தை நேராகப் பார்த்தபடி, விறைப்பாக உட்கார்ந்திருந்தார். காது மடல் சிவந்திருந்தது. விளக்கு எரியாமலே.

பல் டாக்டருக்கு எல்லாம் விளங்கியது. பயம். ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பின்வாங்கவும் முடியாமல், இந்த வயசான மனுஷி கைப்பைக்குப் பின்னால் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகத் தவித்திருக்கிறார். தானோ மணல் மூட்டை, நகை, ஊதி என்று அவரைப் படுத்தியிருக்கிறோம். கோபம் வர வேண்டிய இடத்தில் பாசம்தான் வந்தது. கிட்டே போய், யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

“அத்தை, பயமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. இறங்கிடுங்க. உங்களுக்கு பிரஷர், ஏறக்கூடாதுன்னு நானே டாக்டரா எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். மரியாதையா போயிடும்.”

அத்தை திரும்பினார். “பயமா? யாருக்கு?”

“உங்களுக்குத்தான்.”

“எனக்கா? உங்ககிட்ட பல்லைக் காட்டத்தான் மாப்பிள்ளை எனக்குப் பயம். இதுல என்ன பயம்?” என்றவர், மகள் நின்ற பக்கம் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். கூட்டம் முழுக்க அத்தையைப் பார்த்தது. அத்தை ஒரு பெருமூச்சு விட்டார். “இனி உக்காந்து என்ன பண்றது. கிளப்புங்க.”

கிளப்பினார். சின்ன விமானம் ஓடுதளத்தில் குலுங்கிக் குலுங்கி ஓடி, குலுக்கலை விட்டுவிட்டு எழுந்தது. ஊர் சாய்ந்து, கீழே இறங்கிப் போயிற்று. பல் டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்தார். அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, அது நம்ம வீடுதானே?”

“ஆமாங்க அத்தை.”

“மொட்டை மாடியில தண்ணித் தொட்டி மூடாம கிடக்கு பாருங்க. இன்னொரு தரம் இப்படியே சுத்துங்க. எதிர்வீட்டுத் தொட்டி எப்படி இருக்குன்னு பார்க்கணும்.”

இன்னொரு தரம் சுற்றினார். அத்தை கேட்டு இன்னும் ஒரு தரம் சுற்றினார். ஆறு, அதன்மேல் பாலம், பாலத்தில் எறும்பு வரிசையாக வண்டிகள். அத்தை சின்னப் பெண் மாதிரி சிரித்தார். இத்தனை வருஷத்தில் அத்தை சிரித்து அவர் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அவரோடு சேர்ந்து சிரித்துப் பார்த்ததில்லை. இறங்கும்போது, “அதுக்குள்ளயா,” என்றார்.

சக்கரம் தரையைத் தொட்டது. கூட்டம் கை தட்டியது. எல்லா விளக்கும் அணைந்திருந்தன. பல் டாக்டர் குதித்து இறங்கி, அத்தைக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டு, நீல சீட்டைக் கைக்குட்டையால் துடைத்தார். இத்தனை வருஷமாக அவர் காத்திருந்த நிமிஷம் வந்துவிட்டது. மனைவியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“வாம்மா. இனி உன் முறை.”

மனைவி நகரவில்லை. அத்தை கலைந்த முடியைக்கூடச் சரி செய்யாமல் மகளிடம் போய், முதுகில் கை வைத்துத் தள்ளினார். “ஏறுடி. சும்மா சொல்லக்கூடாது, உன் புருஷன் நல்லாத்தான் ஓட்டறார். மேலே எத்தனை அழகா இருக்கு தெரியுமா?”

மனைவி அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வர, ஓடுதளம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“ஏறுடின்னா எப்படிம்மா, எனக்குப் பயம்னு சொன்னதுக்கு, அவர் என்னை ஏத்திடாம நீ பாத்துக்கறேன்னு சொல்லித்தானே முதல் சீட்டையே கேட்டு வாங்கினே?”